தடித்த வட்டமுனைத் தமிழ் எழுத்துரு: வரைவதற்கும் பலகையில் ஏற்றுவதற்கும் முழுமையான வழிகாட்டி

மும்பை மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு தமிழர் கடை திறந்தால், பெரும்பாலும் மூன்று எழுத்து முறைகள் ஒரே பலகையில் இடம்பிடிக்க வேண்டியிருக்கிறது. மராத்தி கட்டாயம். மகாராஷ்டிரக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2022இல் வந்த திருத்தம் பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் சிறு கடைகளையும் இந்த விதிக்குள் கொண்டுவந்தது. மராத்தி எழுதப்படும் தேவநாகரி எழுத்து முதலில் வர வேண்டும். வேறு எந்த மொழியின் எழுத்தும் அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த இரண்டு மாத அவகாசத்துக்குப் பிறகு நகரெங்கும் பலகைகள் மாற்றப்பட்டன.

புதிய பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் ஒன்று தெரியும். மராத்தியும் ஆங்கிலமும் கொழுத்து, முனை உருண்டு, தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே கூப்பிடுகின்றன. தமிழ் மட்டும் கணினியில் இயல்பாகக் கிடைத்த மெல்லிய எழுத்தில், ஓரமாக, யாரோ பிறகு சேர்த்ததைப் போல நிற்கிறது. கடைக்காரர் தமிழர், வாடிக்கையாளரில் பாதிப்பேர் தமிழர். இருந்தும் இந்த நிலை. கனத்த வட்டமுனைத் தமிழ் எழுத்தை வரைய விரும்புகிறவர்களுக்கும், இருப்பதில் நல்லதைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்த விரும்புகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி. வரையப் போவதில்லை என்றாலும் முதல் நான்கு படிகளைப் படியுங்கள். ஓர் எழுத்துருவை விலை கொடுத்து வாங்குமுன் எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பது அவற்றில்தான் இருக்கிறது.

தொடங்குமுன்

வட்டமுனை எழுத்து தமிழுக்கு அந்நியமானதல்ல. பனையோலையில் எழுத்தாணி கீறிய கோடு ஏறக்குறைய எங்கும் ஒரே தடிமனில் ஓடும். ரோமன் எழுத்துக்கு இருப்பதுபோல அடிக்கட்டையும் முனைக் கொம்பும் தமிழுக்கு மரபில் கிடையாது. ஆகவே ஆங்கிலத்தில் 'சான்ஸ் செரிஃப்' என்று கொம்பை நீக்கிப் பெறுகிற எளிமை நம் எழுத்துக்குப் பிறவியிலேயே பாதி கிடைத்துவிட்டது. மீதிப் பாதி, கோட்டின் தடிமனைச் சீராக வைத்திருப்பது.

ரோமனில் இந்த வகையின் பெயர்பெற்ற உதாரணம் 1979இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்காக உருவான வாக் ரவுண்டட். பல ஆண்டுகள் ஆப்பிள் விசைப்பலகைகளில் இருந்த எழுத்து அதுதான். தமிழில் முதலில் ஆராய வேண்டியது மும்பையிலேயே பிறந்த ஒன்று: ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனத்தின் பலூ குடும்பம். முக்கிய இந்திய எழுத்துமுறைகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பினர். தமிழுக்குப் பலூ தம்பி. முதலில் ஒரே கனத்தில் வந்தது. பிறகு வந்த 'பலூ 2' வரிசையில் 400 முதல் 800 வரை ஐந்து கனங்கள் கிடைக்கின்றன; எண் கூடக்கூடக் கோடு தடிக்கும். எல்லாம் திறந்த எழுத்துரு உரிமத்தில் இருப்பதால் வணிகத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம், மாற்றியமைக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது.

விண்டோஸுடன் வந்து நம் அலுவலகங்களை எல்லாம் நிறைத்த லதா எழுத்துருவுக்கும் இந்த நகரத்தோடு தொடர்பு உண்டு. அதன் உருவாக்கத்தை வழிநடத்திய ரகுநாத் ஜோஷி, பவாயில் உள்ள மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு மையத்தில் கற்பித்தவர். திரையில் படிப்பதற்கான எழுத்தாக லதா தன் வேலையைச் செய்தது. அதைக் கடைப் பலகைக்கு ஏற்றியது நம் சோம்பல்.

முதல் படி: கடினமான எழுத்திலிருந்து தொடங்குங்கள்

பலரும் 'அ' வரைந்து, அழகாக வந்ததும் அதன் தடிமனை மற்ற எழுத்துகளுக்கும் பரப்புவார்கள். 'ப', 'ட', 'ம' எல்லாம் கம்பீரமாக வரும். 'ண' வந்ததும் வேலை நின்றுவிடும். 'ணூ' வந்தால் கேட்கவே வேண்டாம்.

தமிழில் கனத்தின் எல்லையைக் குறிப்பது எழுத்துக்குள் அடைபடும் வெற்றிடம். 'ப'வுக்கு ஒரே ஒரு திறந்த வாய். 'ண'வுக்கோ ஒரு சுழியும் அடுத்தடுத்த வளைவுகளும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். 'இ', 'ஜ', 'ஹ', 'ஷ', 'ஞ', 'ஐ' ஆகியவையும் இந்த நெரிசல் கூட்டத்தைச் சேர்ந்தவை. இவற்றில் எதில் துளை முதலில் அடைகிறதோ, அந்த எழுத்துதான் உங்கள் எழுத்துருவின் உச்சக் கனத்தைத் தீர்மானிக்கும்.

ஆகவே முதலில் காகிதத்தில் ஐந்து எழுத்துகளை மட்டும் வரையுங்கள்: ண, இ, ஜ, ப, ட. முதல் மூன்றும் நெரிசல். கடைசி இரண்டும் வெட்டவெளி. இந்த ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே குடும்பம் என்று தோன்றும்வரை ஆறாவது எழுத்துக்குப் போகாதீர்கள். அப்புறம் சொற்கள்: 'இட்லி மாவு', 'திருநெல்வேலி', 'ஜவுளி', 'எண்ணெய்', 'பூக்கடை'. தாராவி 90 அடிச் சாலையில் எழுத வேண்டியிருக்கும் சொற்களில் முக்கால்வாசி இந்த ஐந்துக்குள் சோதிக்கப்பட்டுவிடும்.

இரண்டாம் படி: தடிமன்

எழுத்து அமரும் கற்பனைக் கட்டமான எழுத்துச் சதுரத்தை 1000 அலகாக வைத்துக்கொண்டு 'ப'வின் உயரத்தை 600 அலகு என்று கொள்வோம். கோட்டின் தடிமன் 120 அலகு வந்தாலே, அதாவது உயரத்தில் ஐந்தில் ஒன்று, தமிழ்க் கண்ணுக்கு அது நல்ல கனம். 'ண'வில் நான்கு செங்குத்துக் கோடுகள், அவற்றுக்கிடையே வெளிகள் எனக் கூட்டினால் அகலம் 800 அலகைத் தாண்டும். தாண்டட்டும். 'ண'வை ஒடுக்கி 'ன'வின் அகலத்துக்குக் கொண்டுவர முயல்வது இந்த வகை எழுத்துருக்களில் நான் அடிக்கடி காணும் கோளாறு. அகலத்தைத் தாராளமாகக் கொடுத்த பிறகும் நெரிந்தால், அந்த ஓர் எழுத்தில் மட்டும் கோட்டை 105, 110 என்று குறைக்கலாம். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். துளை அடைந்தால் எல்லோரும் கண்டுபிடிப்பார்கள்.

சீரான தடிமன் என்றால் அளவுகோலில் சீர் என்று பொருளில்லை. கிடைக்கோடு, அதே அளவுள்ள செங்குத்துக் கோட்டைவிடக் கண்ணுக்குக் கனமாகத் தெரியும். ஆகையால் கிடைக்கோட்டை எட்டு, பத்து விழுக்காடு மெலிதாக்குங்கள். 'க', 'த', 'ச', 'ஞ' ஆகியவற்றின் மேல்கோட்டில் இது உடனே தெரியும். இரண்டு கோடுகள் கூடும் சந்தியில் கருமை திரளும். 'க'வின் நடுக்கம்பில் வளைவு ஒட்டும் இடம் அதற்குச் சரியான உதாரணம். அங்கே உள்பக்கம் கொஞ்சம் அரித்துவிட வேண்டும். வட்ட அடியுள்ள எழுத்துகள் அடிக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, பத்துப் பன்னிரண்டு அலகு, இறங்கினால்தான் தட்டை அடியுள்ளவற்றோடு ஒரே மட்டத்தில் நிற்பதாகத் தோன்றும்.

மூன்றாம் படி: முனையும் மூலையும்

கோட்டின் முனையில் மென்பொருள் தரும் துல்லியமான அரைவட்டத்தை அப்படியே விடாதீர்கள். கனத்த எழுத்தில் அது பிடித்துவைத்த கொழுக்கட்டை மாதிரி உப்பித் தெரியும். அரைவட்டத்தின் நெற்றியைச் சற்றுத் தட்டையாக்கி, தோள்களை முன்னே தள்ளினால் முனை உறுதியாக இருக்கும். உருண்ட முனை குட்டையாகவும் தோன்றும். கோட்டைச் சில அலகுகள் நீட்டி அதை ஈடுகட்ட வேண்டும்.

மூலைகள்தான் உண்மையான முடிவெடுக்கும் இடம். தமிழில் வளைவு மட்டுமே உண்டு என்ற நினைப்பு தவறு. 'ட', 'ப', 'ம', 'ய', 'ழ', 'ங' எல்லாவற்றிலும் செங்கோண மூலைகள் இருக்கின்றன. அத்தனையையும் பெரிய ஆரத்தில் உருட்டினால், மும்மொழிப் பலகையில் 'ப' ஆங்கில யு ஆகிவிடும். மொழியே தெரியாமல் கடந்து போகிறவர் அதை அப்படித்தான் படிப்பார். வெளிமூலையை மிதமாக உருட்டி, உள்மூலையை ஏறக்குறைய கூராகவே விடுவது என் கட்சி. வெளியே மென்மையும் உள்ளே எலும்பும் இருந்தால் எழுத்து குழந்தைத்தனமாகாது.

நான்காம் படி: குழம்பும் இணைகள்

கனம் கூடக்கூட, முனை உருள உருள, ஒன்றையொன்று ஒத்த எழுத்துகள் நெருங்கிவரும். கீழ்வரும் இணைகளை எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

'ர'வும் துணைக்காலும். 'ர'வின் அடியில் சாய்ந்து இறங்கும் கால்தான் வேறுபாடு. கனத்த எழுத்தில் இந்தக் கால் சுருங்கிக் குமிழாகிவிடும். அப்போது 'பார்' என்பதைப் படிக்கத் தடுமாற வேண்டியிருக்கும். காலைத் தயங்காமல் நீட்டுங்கள்.

'எ'வும் 'ஏ'வும். வேறுபாடு அடியில் ஒரு சாய்கோடு. 'ஒ', 'ஓ' இணைக்குச் சுழி. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்புக்கும் ஒரு சுழி. குறில் நெடிலை இப்படிப் பிரித்துக் காட்டும் முறையை வீரமாமுனிவரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அந்தச் சிறு சுழியைத் தடித்த கோட்டுக்குள் விழுங்கவிட்டால் 'தேன்' 'தென்' ஆகிவிடும். இரட்டைக்கொம்பின் மேற்சுழிக்குள் ஊசிமுனை அளவாவது வெளி தெரிய வேண்டும். முடியவில்லை என்றால் கொம்பின் உயரத்தைக் கூட்டுங்கள்.

'லி'யும் 'லீ'யும் இதே சிக்கல்தான், மேல்பக்கத்தில்.

புள்ளி தனிக்கதை. கோட்டின் தடிமனுக்குச் சமமான விட்டத்தில் வைத்தால் அது சிறுத்துத் தெரியும். ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உள்ளே நிரப்பிய வட்டமாக வைப்பது நல்லது. பழைய அச்சில் கண்ட வளையப் புள்ளியை இந்தக் கனத்தில் முயலாதீர்கள், துளை அடைந்துவிடும். 'ஈ'யின் இரண்டு புள்ளிகளுக்கு இந்த அளவு ஒத்துவராது, அவற்றைச் சிறிதாக்க வேண்டும். ஆய்த எழுத்து மட்டும் இந்த எழுத்துருவில் தானே வந்து அமரும். அதன் மூன்று வட்டங்களையும் மெய்ப்புள்ளியைவிடப் பெரிதாக வையுங்கள், அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: உகரமும் ஊகாரமும்

247 எழுத்துகளையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. ஆனால் உகர, ஊகார வரிசைகள் இரண்டையும் ஒவ்வொன்றாகத்தான் வரைந்தாக வேண்டும்: 18 மெய்களுக்கு 36 வடிவங்கள். வேலையில் பாதி நேரம் இங்கேதான் போகும். எழுத்துருவின் தரம் வெளிப்படுவதும் இங்கேதான்.

மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் மூச்சு வாங்காது. ஙு, சு, பு, யு, வு ஆகியவற்றில் கோடு நேராகக் கீழிறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவை வளைந்து சூழும். ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகியவற்றில் வால் சுற்றி வலப்பக்கம் மேலேறும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றை முழுமையாக முடித்து, அந்த வாலையே மற்றவற்றுக்கு எடுத்துத் திருத்துங்கள். ஊகாரத்தில் 'கூ'வும் 'சூ'வும் யாரோடும் சேராதவை. தனியாக உட்கார வையுங்கள். 'டி', 'டீ' இரண்டுக்கும் தனி வடிவம் தேவை.

ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகளுக்கு உகரக் குறி தனியாகப் பக்கத்தில் ஒட்டும், அதனால் வேலை குறைவு. அவற்றை விட்டுவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். மும்பையில் விட முடியாது. ஜோஷி, ஹரிஷ், ஷிண்டே என்று வாடிக்கையாளர் வந்து நிற்பார்.

1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'ணா', 'லை', 'னை' வடிவங்களை மாற்று வடிவமாகச் சேர்ப்பது உங்கள் விருப்பம். பழைய லையின் துதிக்கை பெரிய கனத்தில் மிக அழகாக வரும். இனிப்புக் கடைக்கோ உணவகத்துக்கோ கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆறாம் படி: எழுத்துருவாகக் கட்டுதல்

கிளிஃப்ஸ் மென்பொருள் வசதியானது, ஆனால் மேக் கணினிக்கு மட்டும். ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம், பொறுமை வேண்டும். இரண்டிலும் கவனிக்க வேண்டியவை ஒன்றே. 'ஸ்ரீ' யூனிகோடில் இரண்டு விதமாகத் தட்டச்சாகிறது: ஸகரத்தில் தொடங்கி ஒன்று, ஶகரத்தில் தொடங்கி இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே கூட்டு வடிவம் வர வேண்டும். பாதிப் பெயர்ப்பலகைகள் ஸ்ரீயில் தொடங்கும் நாட்டில் இதை மறந்தால் முதல் நாளே புகார் வரும். ஔகாரக் குறியின் வலப்பாதி 'ள'வின் அச்சாகவே இருக்கட்டும். இடைவெளியைக் கனத்துக்கேற்பக் குறையுங்கள். ஆனால் துணைக்காலை முந்தைய எழுத்தோடு ஒட்டவிடாதீர்கள்.

ஏழாம் படி: தேவநாகரியோடும் ஆங்கிலத்தோடும் பொருத்துதல்

மென்பொருளில் ஒரே எழுத்தளவை (பாயின்ட்) கொடுத்துவிட்டால் மூன்றும் சமமாகிவிடும் என்று நம்புவதுதான் பலகைகளைக் கெடுக்கிறது. ஒவ்வோர் எழுத்துருவும் தன் சதுரத்துக்குள் எழுத்தை வெவ்வேறு உயரத்தில் வைத்திருக்கும். அச்செடுத்து, அளவுகோலை வைத்து அளக்கவும். தேவநாகரியின் தலைக்கோட்டிலிருந்து அடிவரை உள்ள உயரத்தைத் தமிழ் 'ப'வின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். சட்டம் தேவநாகரியைச் சிறிதாக்க விடாது. ஆகவே தமிழை ஒரு நூலிழை குறைவாக வைத்து, கனத்தைச் சமமாக வைத்தால் பார்வைக்கு மூன்றும் ஒரே குரலில் பேசும். தலைக்கோட்டின் தொடர்ச்சியால் தேவநாகரி மேல்பக்கம் கறுப்பாகத் தெரியும். தமிழில் கறுப்பு எழுத்து முழுவதும் பரவியிருக்கும். பலூ போன்ற குடும்பத்தை எடுத்தால் இந்தச் சமன்பாட்டில் பெரும்பகுதியை அவர்களே போட்டுத் தந்திருக்கிறார்கள்.

மராத்திக்கு ஒரு குறிப்பு: அதன் 'ல', 'ஶ' வடிவங்கள் இந்தியில் வழங்குபவற்றிலிருந்து மாறுபட்டவை. நல்ல எழுத்துருவில் மொழியை மராத்தி என்று குறித்தால் வடிவம் மாறும். பக்கத்துக் கடைக்காரர் மராத்தியராக இருந்தால் கட்டாயம் கவனிப்பார்.

அடுத்தது நீளம். சுப்பிரமணியன் என்ற பெயர் தமிழில் எட்டு எழுத்து. தேவநாகரியில் 'ப்ர', 'ண்ய' கூட்டெழுத்தாகிவிடுவதால் ஐந்து இடத்தில் முடிந்துவிடும். தமிழை அதே அகலத்துக்குள் அடக்க, பலகை செய்பவர் சுட்டியைப் பிடித்து இழுத்து எழுத்தை நெருக்குவார். செங்குத்துக் கோடுகள் மெலிந்து, கிடைக்கோடுகள் அப்படியே தடித்து, உருண்ட முனைகள் முட்டையாகும். இதற்கு மட்டும் எந்நாளும் சம்மதிக்காதீர்கள். இரண்டு வரியாக்குங்கள், அல்லது ஊர்ப் பெயரைத் தனி வரிக்குக் கொண்டுபோங்கள்.

எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது

கடைப்பலகையே இதன் தாய்வீடு. அக்ரிலிக், ஏ.சி.பி. எனும் அலுமினிய அடுக்குத் தகடு ஆகியவற்றை ரவுட்டர் இயந்திரத்தில் வெட்டும்போது சுழலும் வெட்டுமுனையின் பாதி விட்டம் ஒவ்வோர் உள்மூலையிலும் ஆரமாக விழுந்துவிடும், 3 மி.மீ. வெட்டுமுனைக்கு 1.5 மி.மீ. கூர்முனை எழுத்தில் இது பழுதாகத் தெரியும், வட்டமுனை எழுத்தில் இயல்பாகக் கரைந்துவிடும். உள்ளே வெற்றிடமாக, பெட்டி போலப் புடைத்து நிற்கும் பெட்டி எழுத்துகளுக்குப் பக்கவாட்டுப் பட்டையை வளைக்கும்போது கூர்மூலையில் வெட்டி ஒட்ட வேண்டும். உருண்ட மூலையில் பட்டை தொடர்ந்து ஓடும். ஒட்டுகள் குறைந்தால் மும்பை மழை உள்ளே புகும் வழியும் குறையும். அப்படியும் எழுத்தின் அடியில் நீர் வடியத் துளை போடச் சொல்லுங்கள்.

உள்ளே எல்.இ.டி. விளக்கு வைப்பதானால் கோடு 3 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். நம் ஐந்தில் ஒன்று கணக்குப்படி எழுத்தின் உயரம் 15 செ.மீ. வரும். அதற்கும் குறைந்த உயரத்துக்கு விளக்கைப் பின்னால் வைத்துச் சுவரில் ஒளி விழச் செய்வதே மேல். தூரத்துக்கு ஆங்கிலப் பலகைகளில் பத்தடிக்கு ஓரங்குல உயரம் என்ற நாட்டுக்கணக்கு ஒன்று உண்டு. தமிழுக்கு நான் ஒன்றரை அங்குலம் கொடுப்பேன். துளைகள் அதிகம் உள்ள எழுத்து அது.

மாவுப் பொட்டலம், அப்பளப் பை போன்ற பிளாஸ்டிக் உறைகளில் அச்சு மை பரவிக் கோடு இன்னும் தடிக்கும். அங்கே ஒரு கனம் குறைத்து எடுங்கள். 800 நினைத்திருந்தால் 700. செயலியின் பொத்தான், தலைப்பு, குழந்தைகளுக்கான சுவர்ப்படம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளின் வகுப்பறைக்குத் தயாரிப்பதானால் நான்காம் படியின் இணைகளை இன்னொரு முறை பாருங்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு ஊகிக்கத் தெரியாது.

பத்தியாக ஓடும் உரைக்கு வேண்டாம். மூன்றாவது வரியில் கண் களைத்துவிடும். கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்கு வேண்டவே வேண்டாம். இறந்தவரின் படத்துக்குக் கீழே உப்பிய எழுத்து சிரிப்பதை சயான் கோலிவாடாவில் பார்க்க நேர்ந்தது. வீட்டாரிடம் சொல்லவா முடியும்?

கடைசிப் படி: பலகைக்காரரிடம் கொடுப்பது

பலகைக்காரரின் கணினியில் தமிழ் உடையும் என்று எடுத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். பழைய வரைகலை மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும், புள்ளி தனியே நிற்கும். அடோபி மென்பொருள்களில் பத்தி அமைப்பில் உலக மொழிகளுக்கான வேர்ல்டு ரெடி அமைப்பைத் தேர்ந்தெடுத்த பிறகே தமிழைத் தட்டச்சு செய்யுங்கள். எல்லாம் சரியாக வந்ததும் எழுத்துகளைக் கோட்டுருவாக (அவுட்லைன்), அதாவது எழுத்துரு இல்லாமலே திறக்கும் வரைபடமாக மாற்றி, பி.டி.எஃப். கோப்பாக மட்டும் அனுப்புங்கள். எழுத்துருக் கோப்பையும் தட்டச்சிட்ட உரையையும் அனுப்பினால் அவர் திரும்பத் தட்டச்சு செய்வார்.

வெட்டுவதற்கு முன் ஒரே ஓர் எழுத்தை, அதிலும் கடைப் பெயரிலேயே மிக நெரிசலான எழுத்தை, நிஜ அளவில் காகிதத்தில் எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கடையின் முகப்பில் ஒட்டி, எதிர்ச்சாரி நடைபாதையிலிருந்து மாலை வெளிச்சத்தில் பாருங்கள். துளை தெரிந்தால் வெட்டச் சொல்லலாம்.